படகில் இருப்பிடம் அறிய இரண்டாவது வழி: செயற்கைக்கோள் இணையத் தட்டு உதவுமா?

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் கோவளம் கடற்கரை வந்துவிடும். இப்பாதையில் முன்னர் நெல் விளைந்த வயல்கள் பலவும் இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. எனினும் ஏரிப் பாசனத்தில் நெல்லும் தோட்டத்தில் கீரையும் கத்தரியும் பயிரிடுவோர் மாம்பாக்கம், திருப்போரூர்ப் பக்கங்களில் இன்றும் உள்ளனர். கரையோரம் கானத்தூர், கோவளம், திருவிடந்தைக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் நாள்தோறும் கடலுக்குச் செல்கின்றன. கொஞ்சம் நிலமும் வைத்து, படகிலும் வலையிலும் பங்கு போட்டிருக்கும் வாசகர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. வயல் மட்டும் உள்ளவர்களும் இதைப் படிக்கலாம். மருந்து தெளிக்கும் டிரோன் வயலின் மேல் நேர்வரிசையில் பறப்பதும் இதே செயற்கைக்கோள்களை நம்பித்தான்.

அண்மைக் காலமாக மீனவ இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "வெளிநாட்டுப் படகுகளில் ஸ்டார்லிங்க் தட்டு வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். வேலை செய்யாவிட்டாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடுமாமே. நாமும் ஒன்று வாங்கி வைக்கலாமா?" கேள்வி நியாயமானது. ஆனால் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது.

கிணறு ஒன்று, மோட்டார் இரண்டு

கோடையில் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு விவசாயி இரண்டாவது மோட்டார் வாங்குகிறார். ஆனால் அதையும் அதே கிணற்றில் இறக்குகிறார். மோட்டார் பழுதானால் இந்த ஏற்பாடு உதவும். கிணறே வற்றினால் இரண்டு மோட்டாரும் காற்றைத்தான் இழுக்கும்.

படகுகளில் இன்று நடப்பது பெரும்பாலும் இதுவே. ஒரு விசைப்படகில் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று, ஓட்டுநர் அறையில் வரைபடம் காட்டும் பிளாட்டர் ஒன்று, ஆளுக்கொரு செல்போன் என ஏழெட்டுக் கருவிகள் இருக்கும். எல்லாம் ஒரே அலையைக் கேட்பவை. கருவி ஒன்று நனைந்து கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும். அலையே கெட்டுவிட்டால் எட்டும் ஒன்றுதான். ஆகவே மாற்றுக் கருவி எதைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது விலையையன்று, அது எந்தக் கிணற்றில் நீர் இறைக்கிறது என்பதையே.

அலை கெடுவது எப்படி?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று அவை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். நம் கையிலுள்ள கருவி, அச்செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் இருப்பிடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

அவ்வளவு உயரத்திலிருந்து வரும் அலை நம்மை அடையும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. வயலின் அக்கரையிலிருந்து ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் திருவிழா ஒலிபெருக்கி அலறினால் அவர் குரல் காதில் விழுமா? அதே அலைவரிசையில் அருகிலிருந்து இரைச்சலை அனுப்பும் சிறு கருவி, அதாவது ஜாமர், ஜி.பி.எஸ்ஸை அப்படித்தான் அமுக்கிவிடுகிறது. செல்போனில் ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகிய நாடுகளின் செயற்கைக்கோள்களும் சேர்ந்து வேலை செய்வது உண்மையே. ஆனால் அவையும் பெரும்பாலும் ஜி.பி.எஸ்ஸுக்கு அடுத்தடுத்த அலைவரிசைகளிலேயே பேசுகின்றன. ஒரே இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடிக்கக் கூடும்.

இதைவிடக் கொடியது போலி அலை. ஜாமர் வேலை செய்தால் 'சமிக்ஞை இல்லை' என்று கருவியாவது சொல்லிவிடும். போலி அலை வந்தாலோ, கருவி எவ்விதத் தயக்கமுமின்றித் தவறான இடத்தைக் காட்டும். பார்ப்பவரும் நம்பிவிடுவார்.

இது எங்கோ நடப்பதுதானே என்று எண்ண வேண்டாம். செங்கடலில் ஜெத்தா அருகே 2025 மே மாதம் எம்.எஸ்.சி. அன்டோனியா என்ற பெரிய சரக்குக் கப்பல் தரைதட்டியது. அப்பகுதியில் ஜி.பி.எஸ். குழப்பப்பட்டிருந்ததே காரணம் எனக் கப்பல் போக்குவரத்தை ஆராய்வோர் கருதினர். நம் நாட்டில் விமானங்களுக்கு நேரும் இத்தகைய இடையூறுகளைத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் ஆணை வந்தது. இடையூறு தெரிவிக்கப்பட்ட விமான நிலையங்களில் சென்னையும் ஒன்று என 2025 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசு கூறியது. மீனம்பாக்கம் தாம்பரத்துக்குப் பக்கத்து ஊர்தானே! விமானிக்கு வேறு கருவிகளும் தரைக் கட்டுப்பாட்டு நிலையமும் துணையுண்டு. ஃபைபர் படகில் இருக்கும் நால்வருக்கு அவை இல்லை.

இணையத் தட்டு இடத்தை அறிவது எப்படி?

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்திலேயே சுற்றுகின்றன. அவை இணையம் தருவதற்காக ஏவப்பட்டவை, இடம் காட்டுவதற்காக அன்று. ஆனால் தட்டுக்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் எந்த நேரத்தில் எந்தச் செயற்கைக்கோள் வானில் எப்பக்கம் வரும் என்று பார்த்து அதை நோக்கித் தன் கதிரைத் திருப்ப முடியும். இதற்காகத் தட்டுக்குள்ளேயே ஒரு ஜி.பி.எஸ். வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். வாங்கியபடியே பயன்படுத்தினால் தட்டு காட்டும் இடம் பெரும்பாலும் அதனுள் இருக்கும் ஜி.பி.எஸ். சொன்ன இடமே. கிணறு அதேதான், மோட்டார் மட்டும் விலை உயர்ந்தது.

இரண்டாவது முறை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் ஜி.பி.எஸ்ஸை ஒதுக்கிவிட்டு, இணையச் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டே தட்டு தன் இடத்தைக் கணித்துக்கொள்வது. வெளிநாட்டுப் பாய்மரப் படகோட்டிகள் செயலியின் அமைப்புகளில் இதைத் தேர்ந்தெடுத்தே, ஜி.பி.எஸ். குழம்பும் கடல்களைக் கடந்தனர். இவ்வாறு செய்தால் மட்டுமே அது தனிக் கிணறு.

அலையைக் கேட்டே இடத்தைக் கணிப்பது எப்படி என்பதற்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு பாடம் உண்டு. நடைமேடையில் நிற்கும்போது, நிற்காமல் போகும் விரைவு ரயில் ஊதிக்கொண்டே வருகிறது. நெருங்கி வரும்வரை ஊதல் ஒலி கூர்மையாகக் கேட்கும். நம்மைக் கடந்தவுடன் அதே ஒலி தாழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ரயில் நம்மைக் கடந்த கணம் தெரியும். தண்டவாளத்தை ஒட்டி நிற்பவருக்கு ஒலி சட்டென்று மாறும், தள்ளி நிற்பவருக்கு மெதுவாக மாறும். ஆகவே ஒலி மாறும் விதத்தைக் கவனித்தே தண்டவாளத்திலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்றும் கணிக்கலாம். டாப்ளர் விளைவு என்பது இதுவே.

1957 அக்டோபரில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்தபோது, அதன் ஒலியில் நேர்ந்த இம்மாற்றத்தைக் கேட்டே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினர் அது செல்லும் பாதையைக் கணித்தனர். பாதை தெரிந்தால், கேட்பவர் நிற்கும் இடத்தைத் திருப்பிக் கணிக்கலாம் அல்லவா? அவ்வாறு பிறந்த டிரான்சிட் என்ற அமைப்பு 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்கு வழிகாட்டியது. ஜி.பி.எஸ். அதற்குப் பின் வந்தது. ஆக, இணையத் தட்டின் இந்த வித்தை புதிதன்று, அறுபது ஆண்டுப் பழையது.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல் விரைகிறது. ஆகவே அதன் அலையில் இம்மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். 2021 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசாஸ் என்பவரின் குழு, ஆறு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் அலைகளை மட்டும் கேட்டு, ஓரிடத்தில் நின்ற கருவியின் இருப்பிடத்தை ஏறத்தாழ 8 மீட்டர் துல்லியத்தில் கண்டது. அதற்கு அந்நிறுவனத்தின் உதவியையும் அது பெறவில்லை.

தட்டுக்கு மேலும் ஒரு வலிமை உண்டு. அது பேசும் அலைவரிசை ஜி.பி.எஸ். அலைவரிசையிலிருந்து வெகு தூரம் தள்ளியது. அன்றியும் அது வானத்தில் ஒரு குறுகிய பகுதியை மட்டுமே நோக்கிக் கேட்கிறது. கடல்மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் இரைச்சல் அதை எளிதில் கெடுக்காது.

குறைகளையும் கூற வேண்டும். தட்டு தானாகவே பிளாட்டருக்கு இடத்தைச் சொல்லாது. பிளாட்டர் புரிந்துகொள்ளும் மொழிக்கு என்.எம்.இ.ஏ. என்று பெயர். தட்டிடம் இடத்தைக் கேட்டு அம்மொழியில் மாற்றித் தர இடையில் ஒரு சிறு கணினி வேண்டும். கடலில் அது பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். மேலும், இடத்தைச் சொல்வதற்கென்று தட்டு விற்கப்படவில்லை. அந்த வசதியைத் திறந்து வைப்பதும் மூடிவிடுவதும் நிறுவனத்தின் விருப்பம். ஒரு மென்பொருள் மாற்றத்தில் நேற்று இருந்தது இன்று இல்லாமற் போகலாம். பிறர் கிணற்றில் குழாய் போட்டுக்கொண்ட கதை இது. நீர் வரும் வரையில் இலாபம். உயிரை அதன்மேல் வைக்கலாகாது.

மின்சாரக் கணக்கு

பெரிய தட்டு 75 முதல் 100 வாட் வரை மின்சாரம் எடுக்கும். மினி என்னும் சிறிய தட்டு 25 முதல் 40 வாட் எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி மின்சாரம் உண்டு. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 600 வாட்-மணியே கணக்கு. சிறிய தட்டு 30 வாட் எடுத்தால் 20 மணி நேரமும், பெரிய தட்டு 75 வாட் எடுத்தால் 8 மணி நேரமும் ஓடும்.

டீசல் எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் உள்ள விசைப்படகுக்கு இது பெரிதன்று. அவுட்போர்டு மோட்டார் மட்டும் பூட்டிய ஃபைபர் படகில், உப்புநீர் தெறிக்கும் இடத்தில், 25 கிலோவுக்குக் குறையாத பேட்டரியை ஏற்றிச் செல்வது அறிவுடைமையன்று. இரண்டு சிறு பேட்டரிக் கட்டைகளில் ஒரு முழு நாள் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ். அங்கே மேல்.

சட்டத்தை மறக்க வேண்டாம்

இப்பகுதியை மீனவ நண்பர்கள் இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். செயற்கைக்கோள் தொலைபேசியோ இணையக் கருவியோ வைத்துக்கொள்ள இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. துரையா, இரிடியம் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருந்து பலர் வழக்கில் சிக்கியுள்ளனர். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும் சட்டம் ஒன்றுதான்.

ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் உரிமமும், ஜூலையில் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தன. அந்த அனுமதி நிறுவனத்துக்குத்தான். வேறு நாட்டில் வாங்கிய தட்டுக்கு அது பொருந்தாது. கப்பல், படகுகளில் இணையம் வழங்குவதற்கெனத் தனியே 2018 ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. எனவே கடலுக்கு ஏற்ற இணைப்பு முறையாக விற்கப்படுகிறதா, அதைப் படகில் பொருத்த அனுமதி உண்டா என மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இதில் அரசு இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் பாரன் தீவு அருகே மியான்மர்ப் படகு ஒன்றைக் கடலோரக் காவல்படை மடக்கியது. அதில் 5 டன்னுக்கு மேல் போதைப்பொருள் இருந்தது. அப்படகினர் ஸ்டார்லிங்க் கருவியைக் கொண்டே வழி கண்டு வந்தனர் என்று அந்தமான் போலீசார் கூறினர். தட்டால் கடலில் வழி காண முடியும் என்பதற்கு நம் கடலிலேயே கிடைத்த சான்று இது. அனுமதியில்லாத தட்டுடன் பிடிபடும் படகை அதிகாரிகள் எந்தக் கண்ணோடு பார்ப்பர் என்பதற்கும் இதுவே சான்று. மீன் பிடிக்கப் போனவர் அதை விளக்கிக் கூறி முடிப்பதற்குள் ஒரு பருவமே போய்விடும்.

கைக்கு எட்டும் கருவிகள் எந்தக் கிணறு?

இந்தியாவின் சொந்த வழிகாட்டி நாவிக். இதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. இந்தியாவும் அதைச் சுற்றி 1,500 கி.மீ. வரையும் இதன் எல்லை. இது ஜி.பி.எஸ்ஸிலிருந்து வேறான செயற்கைக்கோள்களைக் கொண்டது. ஆகவே தனிக் கிணறு என்றே கூறலாம். சில செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதானதும், 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 உரிய பாதையை அடையாததும் இதன் குறைகள். ஊற்று நல்லது, நீர்மட்டம் இன்னும் உயர வேண்டும்.

இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரை 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு இலட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. செல்போன் கோபுரம் எட்டாத இடத்திலும் இருவழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆபத்துப் பொத்தானும் உண்டு. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இலங்கைக் கடல் எல்லை கோவளத்து ஃபைபர் படகுக்குத் தொலைவில் இருக்கிறது. தெற்கே இறங்கித் தொழில் செய்யும் விசைப்படகுக்கு அப்படியன்று. அங்கே இருப்பிடம் பிசகுவது என்பது படகையே இழப்பதாகும். ஆகவே இக்கருவிக்குத் தகுதியுள்ளவர்கள் தவறாது விண்ணப்பிக்க வேண்டும். 'நாம் எங்கே மீன் பிடிக்கிறோம் என்பது தெரிந்துவிடுமே' என்று அதை அணைத்து வைப்போரும் உண்டு. புயல் நாளில் அந்த இரகசியத்தால் பயனில்லை.

தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி மீன் கூடும் இடம், அலை உயரம், கடல் எல்லை ஆகியவற்றைத் தமிழில் தருகிறது. பயனுள்ளது. ஆனால் இடத்தை அது செல்போனிலிருந்தே எடுக்கிறது. 2019 அக்டோபரில் வெளியான ஜெமினி கருவி ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைக் கடலுக்கே கொண்டுவருகிறது. ககன் என்பது ஜி.பி.எஸ்ஸைத் திருத்தித் தரும் அமைப்பு. எனவே இடம் காட்டுவதைப் பொறுத்தவரை இவை இரண்டும் பழைய கிணறுதான்.

செல்போனில் சிக்னல் போய்விட்டால் இருப்பிடமும் போய்விடும் என்று பலர் நினைக்கின்றனர். இது தவறு. கோபுரம் எட்டாவிட்டாலும் போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தைக் கரையிலேயே பதிவிறக்கி வைத்திருந்தால் போதும்.

எண்ணை எழுதும் முறை

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது நேரும் பெரிய பிழை இங்கேதான். கோவளத்தின் இருப்பிடத்தைச் செல்போன் 12.79, 80.25 என்று காட்டும். இது டிகிரியும் அதன் தசமமும். படகு பிளாட்டர் அதே இடத்தை 12 டிகிரி 47.4 நிமிடம், 80 டிகிரி 15.0 நிமிடம் என்று காட்டும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே தசமத்தை 60 ஆல் பெருக்க வேண்டும். 0.79 ஐ 60 ஆல் பெருக்கினால் 47.4.

12 டிகிரி 47.4 நிமிடம் என்பதை அவசரத்தில் 12.474 என்று செல்போனில் தட்டினால் என்ன ஆகும்? பிழை 0.316 டிகிரி, அதாவது ஏறத்தாழ 19 கடல் மைல், 35 கி.மீ. கோவளத்துக்குப் பதிலாகப் பாலாற்று முகத்துவாரத்தை நோக்கிப் படகைத் திருப்புவோம். உதவிக்கு வருவோரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர்களும் அங்கேதான் தேடுவர். கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணிலோ, வி.எச்.எஃப். 16 ஆம் சேனலிலோ இடம் சொல்லும்போது "டிகிரி", "நிமிடம்" என்ற சொற்களையும் சேர்த்தே கூற வேண்டும்.

வடக்கு-தெற்காக ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இதை நினைவில் வைத்தால் இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனக்கணக்காகவே போடலாம். புறப்படும் முன் கரையில் எல்லாக் கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவும். கடலில் மணிக்கொரு முறை இருப்பிடத்தையும் நேரத்தையும் நோட்டில் பென்சிலால் எழுதவும். பேனா மை நனைந்தால் கரைந்துவிடும். ஓடிய வேகத்துக்குப் பொருந்தாமல் இடம் தாவியிருந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

கருவி ஏதும் இல்லாதபோது

மேற்கூறிய எதுவும் இல்லாமலே நம் முன்னோர் கட்டுமரத்தில் போய்வந்தனர். அவ்வறிவை இன்றைய இளைஞர்கள் கருவியோடு சேர்த்துக் கற்பது நலம். எந்தச் செயற்கைக்கோளையும் நம்பாத கிணறு இது ஒன்றே.

காந்தத் திசைகாட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சென்னைக் கடலில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரியே வேறுபாடு. சிறு படகு அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் எஞ்சின், ஒலிபெருக்கி, செல்போன் ஆகியவற்றின் அருகே வைத்தால் முள் பிசகும்.

கரை அடையாளங்கள் அடுத்தது. இரண்டு அடையாளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இடத்தையும், வேறு பக்கத்தில் அவ்வாறே மற்ற இரண்டு தெரியும் இடத்தையும் குறித்துக்கொண்டால் அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடம் நாம் நிற்கும் இடம். படகில் நிற்பவரின் கண் நீருக்கு மேல் 2 மீட்டர் உயரத்திலும், கோபுரம் 40 மீட்டர் உயரத்திலும் இருந்தால் தெளிந்த நாளில் ஏறத்தாழ 27 கி.மீ. வரை அதன் உச்சி தெரியும். 100 மீட்டர்க் கட்டடமானால் 40 கி.மீ. பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்துள்ள அடுக்குமாடிகள் நம் நிலங்களை விழுங்கினாலும் மீனவர்களுக்கு இந்த வகையில் உதவுகின்றன. ஆனால் அவை எல்லாம் ஒன்று போலவே இருப்பதால் ஆள்மாறாட்டம் நேரும். தனித்துத் தெரியும் கலங்கரை விளக்கத்தையோ குன்றையோ தேர்ந்தெடுப்பதே முறை.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சிட்டு ஆழம் பார்க்கலாம். முன்பு குறித்த ஆழத்துக்கும் இப்போது காண்பதற்கும் பொருத்தமில்லையெனில் கருவி காட்டும் இடம் பொய்.

நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் கரையோர நீரோட்டம் பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். நம் கரை வடக்கு-தெற்காக நீண்டிருப்பதால் மேற்கே வந்தால் எங்காவது கரை கிட்டிவிடும். எங்கே என்பதுதான் கேள்வி. கரையைக் கண்டபின் வலப்பக்கம் திரும்புவதா இடப்பக்கம் திரும்புவதா என்று தெரியாமல் எரிபொருளை வீணாக்கியவர்கள் உண்டு.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னும் அந்நாட்களில் கீழ்க்காணும் கணக்கைப் போன்றவற்றைப் போட்டுப் பழகலாம்.

பயிற்சிக் கணக்கு

மார்ச் மாதம். கோவளத்திலிருந்து ஒரு படகு திசைகாட்டியை நேர்கிழக்கில் பிடித்து மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் 2 மணி நேரம் செல்கிறது. வலையை விட்டு 4 மணி நேரம் மிதக்கிறது. அப்போது ஜி.பி.எஸ். நின்றுவிடுகிறது. நீரோட்டம் மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. நேர்மேற்கில் பிடித்து 2 மணி நேரம் திரும்பினால் படகு எங்கே கரை சேரும்?

விடை: கிழக்கே சென்றது 12 கடல் மைல், மேற்கே திரும்பியதும் 12 கடல் மைல். ஆகவே படகு கரையை அடைந்துவிடும். ஆனால் போக 2, மிதந்தது 4, திரும்ப 2, ஆக 8 மணி நேரம் நீரோட்டம் படகை வடக்கே தள்ளியிருக்கிறது. 8 கடல் மைல் என்பது ஏறத்தாழ 15 கி.மீ. படகு கரை சேர்வது கோவளத்தில் அன்று, ஈஞ்சம்பாக்கத்துக்கு அருகே. கரையைக் கண்டதும் இடப்பக்கம், அதாவது தெற்கே திரும்ப வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கு 5 கடல் மைல் வேகமே கிட்டும் என்பதால், மேலும் 1 மணி 36 நிமிடம் ஓடுவதற்கு எரிபொருளை மீதம் வைத்திருக்க வேண்டும்.